சம்ப் பம்ப் வெளிக்குழாய் இரவில உறையுது, என்ன செய்யலாம்?

வணக்கம். டொரொண்டோவில இப்ப பகலில +6, இரவில −9. உருகிற பனி நிலத்துக்குள்ள இறங்குது; கீழ் மண் இன்னும் உறைஞ்சு கிடக்கிறதால ஆழத்துக்குப் போகாமல் அத்திவாரத்தைச் சுற்றி வந்து பேஸ்மென்ட் தரையில இருக்கிற சம்ப் குழிக்குள்ள சேருது; அதை வெளிய இறைக்கிறதுதான் சம்ப் பம்ப். ஜனவரியில சும்மா கிடந்த பம்ப் இப்ப பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஓடுது.

பிழை வெளிக்குழாயில. சுவர் வரைக்கும் ஒன்றரை இஞ்சி பிவிசி, அதுக்கு அங்கால 12 அடி நெளிவுக்குழாய். ஒவ்வொரு மடிப்பிலயும் கொஞ்சம் தண்ணி தங்கும். அது இரவில உறைஞ்சு, விடியப்பார்த்தால் வாய் அடைபட்டிருக்கும். மோட்டார் ஓடும், தண்ணி போகாது. அப்பிடியே விட்டால் மோட்டார் எரியும், பேஸ்மென்ட் குளம்தான்.

தண்ணி திரும்பி வராமல் தடுக்கிற செக் வால்வுக்குக் கீழ, குழாயில 3 மி.மீ. துளை இருக்கு. ஆனா அது பம்புக்குள்ள காற்று சிக்காமல் இருக்கத்தான், உறைவுக்கு உதவாது.

யோசிச்சிருக்கிறது: நெளிவுக்குழாயைக் கழட்டிப்போட்டு, உட்பக்கம் வழுவழுப்பான 3 இஞ்சிக் குழாய், அடிக்குக் கால் இஞ்சி சரிவில. அதோட சுவருக்கு வெளிய, வெட்டுவாய் உள்ள ஒரு இணைப்பு. முன்னால அடைபட்டால் தண்ணி அதால வெளியேறும்.

சந்தேகம் இதுதான்: அப்பிடிச் சுவரடியில கொட்டுற தண்ணி திரும்பக் குழிக்குள்ளதானே வரும்? கீழ சரிவா கொங்கிறீட் தட்டு வைச்சால் காணுமா? குழாயைச் சூடாக்கிற மின்கம்பி (ஹீட் கேபிள்) சுற்றினவை, பிவிசிக்குத் தானாகச் சூட்டைக் குறைக்கிற வகை சரிவந்ததோ எண்டு சொல்லுங்கோ.

சலவைத் தொட்டிக்குள்ள விடச் சொல்லாதேங்கோ, கழிவுநீர்க் குழாயில நிலத்தடித் தண்ணி விட அனுமதியில்லை.