விலை பேசிய நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் நடுவே: நாணய மாற்றில் நம் அனுபவங்கள்

கணக்குப்புலி எழுதியது:

இறக்குமதி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் நிதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சரக்குக்கு விலை பேசுவது டாலரில். ஆர்டர் கொடுத்து, கப்பல் ஏறி, சரக்கு வந்து, பணம் கட்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். லாபம் நிற்பதும் கரைவதும் அந்த இடைவெளியில்தான்.

பெரிய ஆர்டர் ஒன்றுக்கு வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டேன், அதாவது பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலையை உறுதி செய்துகொள்வது. எளிதாகப் புரிய முழு எண்களில் சொல்கிறேன். டாலர் 102 என்று பூட்டிவைத்தோம். பணம் கட்டும் நாளில் சந்தையில் டாலர் 97. முதலாளி கால்குலேட்டரோடு வந்து உட்கார்ந்தார். “டாலருக்கு 5 போச்சே, யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

விலைப்பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். விற்பனை விலை முழுக்க 102 என்ற கணக்கில் போட்டது. வாடிக்கையாளர்களும் அந்த விலைக்கு வாங்கிவிட்டார்கள். “நாம நினைச்ச லாபம் அப்படியே வந்திருக்கு சார், போனது எது?” என்றேன். வீடு எரியவில்லையே என்று காப்பீட்டுக்குக் கட்டிய பணத்துக்கு யாராவது அழுவார்களா?

ஆனால் அவர் விடவில்லை. “பூட்டாத போட்டியாளன் இப்போ 97 கணக்குல விலையைக் குறைப்பானே, அப்போ?” என்றார். அது நியாயமான கேள்வி. இப்போதெல்லாம் உறுதியான ஆர்டருக்கு முழுதாகவும், வரக்கூடும் என்று மதிப்பிட்ட ஆர்டருக்குப் பாதியும்தான் பூட்டுகிறோம். ஆர்டரே ரத்தானால் ஒப்பந்தம் மட்டும் கையில் தொங்கும், அதையும் பார்க்க வேண்டும்.

புதுவரவு எழுதியது:

சார், ஒரு சந்தேகம். வங்கி 102 என்று எப்படிச் சொன்னது? டாலர் ஏறும் என்று அவர்களுக்கு முன்னாலேயே தெரியுமா?

கணக்குப்புலி எழுதியது:

இல்லை. அது ஆரூடம் இல்லை, வட்டிக் கணக்கு. இன்று டாலர் 100, ஒப்பந்தம் ஓராண்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100-ஐ உள்நாட்டில் 7.1% வட்டிக்குப் போட்டால் 107.10 ஆகும். ஒரு டாலரை 5% வட்டிக்குப் போட்டால் 1.05 டாலர். 107.10-ஐ 1.05-ஆல் வகுத்தால் 102. இந்த விகிதம் விலகினால், ஒரு பக்கம் கடன் வாங்கி மறுபக்கம் போட்டு அலுங்காமல் காசு பார்த்துவிடலாம், அதனால் விலக விடமாட்டார்கள்.

பட்டறைக்காரன் எழுதியது:

நான் வாங்குவதும் உள்நாட்டில், விற்பதும் உள்நாட்டில். வெளிநாட்டு நாணயத்தைத் தொட்டதே இல்லை. இருந்தும் அடி வாங்கினேன். நான் செய்யும் அதே உதிரிப் பாகத்தை வேறொரு நாட்டிலிருந்து கொண்டுவந்து விற்கிறார்கள். அந்த நாட்டு நாணயம் சரிந்தது. அவர்கள் தங்கள் பணத்தில் விலையைக் குறைக்கவே இல்லை. இங்கே வந்து இறங்கும்போது தானாகக் குறைந்துவிட்டது. என் வாடிக்கையாளர் அந்தக் கொட்டேஷனை மேசையில் வைத்து, “இதுக்குக் கீழே வர முடியுமா?” என்றார். இதற்கு எந்த ஃபார்வர்டு போடுவது? என் புத்தகத்தில் டாலரும் இல்லை, யூரோவும் இல்லையே.

ஏற்றுமதியாளர்கள்தான் கவலைப்பட வேண்டும் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இரவுப்பணி எழுதியது:

2015 ஜனவரி 15 அன்று நான் ஓர் அன்னியச் செலாவணித் தரகு நிறுவனத்தில் வாடிக்கையாளர் பிரிவில் இருந்தேன். யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகவிடமாட்டோம் என்று சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பரில் அறிவித்து, அதுவரை காப்பாற்றியும் வந்தது. அதனால் பலர் கடன் வாங்கி யூரோவை வாங்கி, 1.20-க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் (விலை அந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆணை) போட்டு நிம்மதியாக இருந்தார்கள். அன்று காலை அந்த வரம்பைக் கைவிடுவதாக ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். சில நிமிடங்களில் யூரோ 1 ஃபிராங்குக்கும் கீழே போய்விட்டது.

நடுவில் விலையே இல்லை. அதை எப்படி விளக்குவது? போனில் ஒருவர், “1.19-ல் விற்கச் சொல்லித்தானே போட்டிருந்தேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 1.19-ல் வாங்க ஆளே இல்லாதபோது ஆணை எங்கே நிறைவேறும்? போட்ட பணம் போனதோடு, கணக்கில் மைனஸும் விழுந்திருந்தது.

ஃபிராங்கில் வட்டி குறைவு என்று போலந்திலும் ஹங்கேரியிலும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக் கடனை ஃபிராங்கில் வாங்கியிருந்தன. சம்பளம் ஒரு நாணயத்தில், தவணை இன்னொன்றில். ஹங்கேரி அரசு அந்தக் கடன்களை உள்நாட்டு நாணயமான ஃபோரின்டுக்கு மாற்றும் விகிதத்தை 2014 நவம்பரிலேயே நிர்ணயித்துவிட்டதால் அங்கே பெரும்பாலோர் தப்பித்தார்கள். போலந்தில் வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன.

பொறுமைசாலி எழுதியது:

முதலீட்டுப் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். வெளிநாட்டுப் பங்கு 10% ஏறி, அந்த நாட்டு நாணயம் 10% இறங்கினால் சரிக்குச் சரி என்று நினைப்பார்கள். 1.1-ஐ 0.9-ஆல் பெருக்குங்கள், 0.99. ஒரு சதவீதம் நஷ்டம்.

நான் ஜப்பான் ஃபண்டு வைத்திருந்தேன். 2023-ல் ஜப்பான் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 28% ஏறியது. யென் சரிந்ததால் டாலரில் கணக்குப் பார்த்தவருக்குக் கிடைத்தது சுமார் 19%. சரிவுக்குக் காரணம் ஜப்பான் நொடித்துப்போனது இல்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 – 5.5% வரை ஏற்றியது, ஜப்பான் பூஜ்யத்துக்குக் கீழேயே நின்றது. யென்னில் கடன் வாங்கி டாலரில் போடுவது எல்லோருக்கும் பிடித்த வேலையாகிவிட்டது. ஒரு நாட்டின் பணம் இறங்கினாலே “பொருளாதாரம் போச்சு” என்பவர்களை இதனால்தான் நான் நம்புவதில்லை. பணவீக்கம், வர்த்தகப் பற்றாக்குறை எல்லாம் உண்டு, ஆனால் அவை மெதுவாக வேலை செய்பவை. ஒரே நாளில் விலையைப் புரட்டுவது வட்டி பற்றிய எதிர்பார்ப்புதான்.

2024 ஜூலை 31 அன்று ஜப்பான் வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. அந்த நேரத்தில் அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் சொதப்பலாக வர, கடன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே கதவில் வெளியே ஓடினார்கள். ஆகஸ்ட் 5 அன்று நிக்கேய் 12.4% விழுந்தது. நான் விற்கவில்லை, மறுநாளே 10 சதவீதத்துக்கு மேல் திரும்ப ஏறியது.

புதுவரவு எழுதியது:

அப்படியானால் நாணய ஆபத்தே இல்லாத ஹெட்ஜ்டு ஃபண்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா?

பொறுமைசாலி எழுதியது:

பங்கு ஃபண்டுக்கு, நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு, அது கட்டாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கடன் பத்திரத்தில்தான் யோசிக்க வேண்டும். அங்கே வருமானம் சில சதவீதம்தான், நாணயம் ஒரு வாரத்தில் அதை விழுங்கிவிடும். ஆனால் கணக்குப்புலி மேலே போட்ட வட்டிக் கணக்கை மறக்காதீர்கள், பாதுகாப்புக்கான செலவு அதுதான். 2023-ல் பத்தாண்டு அமெரிக்கப் பத்திரம் ஏறத்தாழ 4% கொடுத்தது. அதை வாங்கிய ஜப்பானியர் டாலரை யென்னுக்கு எதிராகப் பூட்ட ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் செலவானது. பூட்டிய பிறகு மிஞ்சியது மைனஸ். வாங்குவதற்கு முன் ஃபண்டின் பெயரைப் பார்க்காமல் இரண்டு நாட்டுக் குறுகிய கால வட்டியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.