அப்டேட்: பூட்டின வீடும் டெங்கு பிஎச்டி சர்வேயும்

செட்டிநாட்டுல பூட்டிக் கிடக்குற பெரிய வீடுகள்ல என் பிஎச்டிக்கு டெங்கு சர்வே எப்படி எடுக்கறதுன்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். நீங்க சொன்ன மாதிரி வீட்டைப் பாத்துக்கிறவங்களைப் பிடிச்சதுதான் வேலைக்கு ஆச்சு, சாவி அவங்ககிட்டதான் இருக்கு.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் கேட்ட வரைக்கும் டெங்கு கொசுவால வருதுன்னு எல்லாருக்கும் தெரியுது, ஆனா கொசு எங்கன்னா சாக்கடையைக் கை காட்டுறாங்க. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் நல்ல தண்ணிக் கொசுங்க, பகல்ல கடிக்கும், முற்றத்துல மழைத்தண்ணி பிடிக்கிற அண்டாதான் அதுக்கு அரண்மனை.

ஒரு ஆச்சி "வாரம் வாரம் தண்ணிய கொட்டிருவேன் தம்பி"ன்னாங்க, நல்லதுதான், ஆனா முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல உள்பக்கமா ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், திரும்பத் தண்ணி ஏறுனா பொரிஞ்சிரும், அதனால தேய்ச்சுக் கழுவணும் ஆச்சின்னேன், உடனே தேங்கா நாரோட உக்காந்துட்டாங்க!

முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், படைப்புக்கு (முன்னோர்களைக் கும்பிடுற சடங்கு) மட்டும் திறக்குற வீட்டை என்ன பண்றது? கேள்வித்தாள்ல 'சாவி யார்கிட்ட'ன்னு ஒரு கேள்வி சேர்க்க ஆராய்ச்சிக்கு அனுமதி தர்ற எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதியிருக்கேன் (கைடு சிரிச்சாரு, பரவால்ல). அடுத்து தேவகோட்டை, அங்க ஆள் தெரிஞ்சா சொல்லுங்க.