ஷட்டில் கை, பிக்கிள்பால் கோர்ட்: பார்த்ததும் திருத்தியதும்

தொடங்கி வைப்பவர்

பிக்கிள்பால் என்பது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை, பேடில் என்ற சின்ன மட்டையால் வலைக்கு மேலே அடித்து ஆடுகிற ஆட்டம். சாயங்காலம் எந்தப் பிக்கிள்பால் கோர்ட்டில் போய் நின்றாலும் இதைப் பார்க்கலாம். பத்து வருஷம் ஷட்டில் ஆடிய கைகள். வந்த முதல் வாரத்திலேயே எல்லாப் பந்தையும் தொட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்தும், நிதானமாக ஆடுகிற அறுபது வயது ஜோடியிடம் 11-4 என்று தோற்கிறார்கள். கையில் குறை இல்லை, காலிலும் குறை இல்லை. நிற்கிற இடத்தில்தான் குறை. இப்படி ஆடுபவர்களிடம் என்ன பார்த்தீர்கள், எதைச் சொன்னதும் ஆட்டம் திருந்தியது என்று எழுதுங்கள்.

குழப்பம் கோர்ட்டிலேயே ஆரம்பிக்கிறது. நீளம் 44 அடி, அகலம் 20 அடி. ஷட்டில் டபுள்ஸ் கோர்ட் அளவேதான். 1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெய்ன்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்ட் வீட்டில் இருந்த பழைய ஷட்டில் கோர்ட்டில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. முதலில் வலையை ஷட்டில் உயரத்திலேயே, 60 அங்குலத்தில் கட்டி ஆடினார்கள். பந்து தரையில் நன்றாக எழும்புவதைப் பார்த்ததும் 36-க்கு இறக்கினார்கள். அந்த இரண்டடிதான் எல்லாவற்றையும் மாற்றியது. இங்கே பந்து பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான் கைக்கு வரும். கீழே கிடைத்த பந்தை வேகமாக அடித்தால் அது வலைக்கு மேலே ஏறிக்கொண்டேதான் போகும். எதிரில் முன்னால் நிற்பவர் அதைக் கீழ்நோக்கி அடித்து இறக்கிவிடுவார்.

ஷட்டில் கோர்ட்டின் கோடுகளையே வைத்து ஆடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷட்டிலின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடி. பிக்கிள்பாலில் வலையை ஒட்டிய பகுதிக்குக் கிச்சன் என்று பெயர், அதற்குள் நின்று வாலி (பந்தைத் தரையில் படவிடாமல் அடிப்பது) அடிக்கக் கூடாது. அது 7 அடி, கோட்டின் அகலமும் அதற்குள் அடக்கம். அரை அடி தள்ளி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பழக்கமெல்லாம் ஆறரை அடியில் ஊறிவிட்டால், சரியான கோர்ட்டுக்குப் போகிற அன்று ஒவ்வொரு வாலியும் ஃபால்ட்தான். வலையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஷட்டில் வலைத்துணி மேலிருந்து கீழ்வரை இரண்டரை அடிதான். அதை 36 அங்குலத்துக்கு இறக்கிக் கட்டினால் அடியில் அரை அடி சந்து நிற்கும், பந்து அதில் புகுந்து போகும். கீழே ஒரு துணியைக் கட்டுங்கள். நடுவில் வலை 34 அங்குலம்தான் இருக்க வேண்டும். அளக்காமல் இறுக்கிக் கட்டிவிட்டு, டிங்க் (எதிர் கிச்சனுக்குள் மெதுவாக விழும் சின்னத் தட்டல்) வரவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

வாரக் கடைசியில் பயிற்சி கொடுப்பவர்

புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கவனிப்பது மூன்றாவது அடியைத்தான். சர்வ் ஒன்று, ரிட்டர்ன் இரண்டு, சர்வ் போட்ட அணி திருப்பி ஆடுவது மூன்று. சர்வும் ஒருமுறை தரையில் பட வேண்டும், ரிட்டர்னும் பட வேண்டும் என்பது விதி. அதனால் சர்வ் போட்ட இருவரும் பேஸ்லைனிலேயே, அதாவது கடைசிக் கோட்டிலேயே, காத்திருக்கத்தான் வேண்டும். ரிட்டர்ன் அடித்தவரோ அதற்குள் ஓடி வந்து, முன்னாலேயே நிற்கும் தன் பார்ட்னர் பக்கத்தில் சேர்ந்துகொள்வார். மேலே, வலைப் பக்கம் இரண்டு பேர்; கீழே, பேஸ்லைனில் இரண்டு பேர். மேலே நிற்பவர்களுக்கே சாதகம். அவர்களுக்குச் சமமாக நாம் மேலே ஏறுவதற்கான படிக்கட்டுதான் மூன்றாவது அடி டிராப், அதாவது எதிராளியின் கிச்சனுக்குள் மெதுவாக இறங்குகிற பந்து. பாயிண்ட் எடுக்கிற அடி அல்ல அது, நடந்து போக நேரம் வாங்கித் தருகிற அடி.

அதை உடைத்துச் சொல்கிறேன். பேடிலை 10-க்கு 3 அல்லது 4 அளவு இறுக்கத்தில் பிடியுங்கள், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. முழங்கால் மடங்கட்டும். பேடிலைப் பின்னால் கொண்டு போகவே வேண்டாம், உடம்புக்கு முன்னால் வைத்துக்கொண்டு பந்து எழும்பி இறங்கத் தொடங்கும் நேரத்தில் தொடுங்கள். மணிக்கட்டு அசையக் கூடாது. தோளிலிருந்து ஒரு தள்ளல், முழங்கால் நிமிர்வதிலிருந்து கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். பந்தின் வளைவு நம் பக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிட வேண்டும். வலையைக் கடக்கும்போது அது இறங்கிக்கொண்டிருந்தால் டிராப், ஏறிக்கொண்டிருந்தால் அது எதிராளிக்குக் கொடுத்த இனாம்.

எங்கே கெடுகிறது? ஷட்டில்காரருக்கு மணிக்கட்டில். டிராப் என்றதும் கை தானாக ஒரு சுண்டு சுண்டும். ஷட்டில் எடை 5 கிராம்தான், சுண்டினாலும் காற்றே பிடித்துக்கொள்ளும். இந்தப் பிளாஸ்டிக் பந்து 22-லிருந்து 26 கிராம். சுண்டினால் ஒருமுறை வலையில், மறுமுறை எதிராளியின் நெஞ்சு உயரத்தில். டென்னிஸ்காரருக்கு வேறு இடம்: பேடில் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அங்கிருந்து வரும்போது வேகத்தை அடக்க முடியாது. இரண்டு பேருக்கும் பொதுவான தவறு, ஓடிக்கொண்டே அடிப்பது. கால் நிற்காமல் டிராப் வராது.

சொல்லித் தரும்போது நான் பேஸ்லைனில் ஆரம்பிப்பதில்லை. கிச்சன் கோட்டில் நின்று டிங்க், அது பத்துக்கு எட்டு விழுந்தால் மூன்றடி பின்னால், மறுபடி எட்டு விழுந்தால் இன்னும் மூன்றடி. இப்படி ஏறினால் ஐந்தாறு நிறுத்தத்தில் பேஸ்லைன் வந்துவிடும். கை அதே கை, தள்ளல் மட்டும் கொஞ்சம் நீளுகிறது என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.

டென்னிஸிலிருந்து வந்தவர்

சார் சொல்றது சரிதான், ஆனா ஒரு விஷயத்துல மாறுபடறேன். டிராப் பத்துக்கு மூணு விழற ஆளை மேட்ச்ல ஒவ்வொரு தடவையும் டிராப் போடுன்னு சொன்னா அவர் மனசு ஒடிஞ்சுடுவார். ரிட்டர்ன் குட்டையா வந்து, பந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பினா தாராளமா ட்ரைவ், அதாவது வேகமா, தாழ்வா, நேரா அடிக்கலாம். எதிராளியோட இடுப்பு வலது பக்கம், இல்லன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல. முழு பலம் வேண்டாம், முக்கால் பலம் போதும். அவர் வாலியில திருப்பி விடற பந்து பெரும்பாலும் நம்ம கோர்ட் நடுவுல மெதுவா வந்து விழும். அந்த அஞ்சாவது அடியை டிராப் போடறது மூணாவதைவிட ரொம்ப சுலபம், ஏன்னா நாம ரெண்டு மூணு அடி முன்னாடி வந்திருப்போம்.

ரிட்டர்ன் ஆழமா, பேஸ்லைன்கிட்ட விழுந்தா மட்டும் ட்ரைவ் ஆசையை விட்டுடணும். அங்கே இருந்து அடிக்கிற பந்து வலைக்கு 22 அடி பயணம் பண்ணணும், ஓட்டை பந்து, வழியிலேயே வேகம் செத்துடும். எதிராளிக்கு பேடிலைத் தூக்கிக் காட்டினாலே போதும்.

பயிற்சி கொடுப்பவர் மறுபடியும்

ஒத்துக்கொள்கிறேன். குட்டை ரிட்டர்னுக்கு ட்ரைவ் நியாயமானதுதான். ட்ரைவ் அடித்தவர் மட்டும் உடனே முன்னால் பாயாமல், பந்து எப்படித் திரும்பி வருகிறது என்று பார்த்துவிட்டு ஏறட்டும். டிராப்புக்கும் இதே கணக்கு. நம் பந்து தாழ்வாகப் போனால் மேலே போங்கள். உயரமாகப் போய்விட்டால் நின்ற இடத்திலேயே பேடிலைத் தாழ்த்தி அடக்கிக்கொள்ளுங்கள்.

நடுவழி என்று ஒன்று இருக்கிறதே, கிச்சன் கோட்டுக்கும் பேஸ்லைனுக்கும் இடையிலான 15 அடி, அங்கே மாட்டுபவர்கள்தான் அதிகம். எதிராளியின் பேடில் பந்தைத் தொடும் கணத்தில் நம் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும், ஒரு சின்னத் துள்ளலோடு. ஸ்பிளிட் ஸ்டெப் என்பது அதைத்தான். ஒரே ஓட்டமாகக் கோட்டுக்குப் போகத் தேவையில்லை. ஓடு, நில், ஆடு, மறுபடி ஓடு. காலடிக்கு வேகமாக வரும் பந்தை எதிர்த்து அடிக்காதீர்கள். பேடிலை முழங்காலுக்கு முன்னால் வைத்து, பிடியைத் தளர்த்தி, பந்து பட்டதும் பேடில் கொஞ்சம் பின்வாங்கட்டும். சரியாகச் செய்தால் சத்தத்திலேயே தெரியும். ‘டக்’ என்ற சத்தம் மங்கி ‘தொப்’ என்று கேட்கும். பந்து வலையைத் தாண்டி கிச்சனுக்குள் சோர்ந்து விழும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்கள் குழுவை நடத்துபவர்

எங்க குழுவுல பெரும்பாலும் ஐம்பது தாண்டினவங்க. எங்ககிட்ட வேகம் கிடையாது, அதனாலயே டிங்க் நல்லா வந்துருச்சு. அதுல ரெண்டு விஷயம் சொல்லணும்.

முதல்ல, குறுக்கே ஆடுங்க. கிச்சன் கோட்டுல இருந்து எதிர் கிச்சன் கோட்டுக்கு நேரா 14 அடிதான். மூலைக்கு மூலை குறுக்கே கிட்டத்தட்ட 24 அடி. பத்தடி கூடுதல் இடம், அதோட வலையும் நடுவுல ரெண்டு அங்குலம் தாழ்வு. தப்பு பண்ண அவ்வளவு இடம் இருக்கறப்ப நேரா ஆடி ஏன் மாட்டிக்கணும்? எதிராளியோட இடது காலடிக்குப் போற மாதிரி போடுங்க, பந்தை அவங்க தரையில விட்டுத்தான் எடுக்கணும். நாலு அஞ்சு தடவை பொறுமையா போட்டா ஒண்ணு வலைக்கு மேல ஒரு சாண் எழும்பி வரும். அதை அடிங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம்.

ரெண்டாவது, நடுவுல வர்ற பந்து. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துட்டு நிக்கறப்ப பந்து போயிடும். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க: நடுவுல யாருக்கு ஃபோர்ஹேண்ட் வருதோ அவங்களோடது. ரெண்டு பேரும் வலது கைன்னா இடப்பக்கம் நிக்கறவங்க எடுக்கணும். “என்னோடது”, “உன்னோடது” ரெண்டே வார்த்தை, சத்தமா. பார்ட்னர் பக்கவாட்டுல இழுபட்டா நீங்களும் அந்தப் பக்கமே நகரணும், ரெண்டு பேர் இடுப்புலயும் ஒரே கயிறு கட்டின மாதிரி. நீங்க விட்டுட்டு வந்த பக்கம் ஒரு மூலை காலியாத்தான் இருக்கும், இருக்கட்டும். அங்கே அடிக்கறதுதான் அவங்களுக்கும் ரொம்ப கஷ்டமான அடி.

ஆட்டத்தைவிட முக்கியமா ஒண்ணு. லாப், அதாவது உயரமா தூக்கிப் போட்ட பந்து, தலைக்கு மேல போனா பின்பக்கமாவே நடந்து போகாதீங்க. இந்த ஆட்டத்துல கை எலும்பு உடையற விழுகை பல அப்படித்தான் நடக்குது, பின்னால சாய்ஞ்சு கையை ஊன்றி. உடம்பைத் திருப்பி, பக்கவாட்டா ஓடி, பந்தைத் தரையில விட்டு எடுங்க. முடியலைன்னா விட்டுடுங்க, ஒரு பாயிண்ட்தானே. வாக்கிங் ஷூவும் வேண்டாம், அதோட உயரமான குதிகால் பக்கவாட்டுல நகரும்போது கணுக்காலை மடக்கிடும். கோர்ட் ஷூ வாங்கற காசு பேடிலுக்குச் செலவு பண்றதைவிடப் பயன்.

தொடங்கி வைத்தவர்

அக்கா சொன்ன ஷூ விஷயத்தை ஒவ்வொரு கோர்ட் வாசலிலும் எழுதி வைக்கலாம்.

ரிட்டர்ன் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஷட்டில்காரர்கள் அதை வேகமாக அடிக்கிறார்கள், அதுதான் தப்பு. வேகமாகப் போகிற பந்து வேகமாகவே திரும்பும், நீங்கள் பாதி வழியில் நிற்பீர்கள். மெதுவாக, உயரமாக, எதிராளியின் பேஸ்லைனுக்கு மூன்றடி உள்ளே விழ வேண்டும். பந்து மிதந்து போகிற அந்த நேரத்தில் கிச்சன் கோட்டுக்குப் போய்விடலாம். உங்கள் பேஸ்லைனுக்கு ஒரு காலடி பின்னால் நின்று ஆரம்பியுங்கள், பந்தைத் தொட்ட அதே அசைவில் முன்னால் நடை தொடரட்டும்.

கிழக்குக் கடற்கரையை ஒட்டிய கோர்ட், அந்தப் பக்கத்து மொட்டைமாடிக் கோர்ட் என்றால் மாலையில் கிழக்கிலிருந்து வரும் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோர்ட் வடக்கு தெற்காக இருந்தால் அது குறுக்குக் காற்று. கிழக்குக் கோட்டுக்கு இரண்டடி உள்ளே குறிவைத்தால் பந்து நடுவுக்கு வந்துவிடும். மேற்குக் கோட்டை ஒட்டிக் குறிவைத்தால் வெளியே போய்விடும். வெயிலில் கிடந்த பந்து இளகிவிடும், அதனால் வேனிற்காலத்தில் பந்துகளைப் பைக்குள் நிழலில் வையுங்கள்.

எட்டு மாதமாக ஆடுகிற ஒருவர்

ரெண்டு சந்தேகம். வாலி அடிச்ச அப்புறம் கால் கோட்டைத் தொட்டாலும் ஃபால்ட்டா? தனியா இருக்கறப்ப எதைப் பழகலாம்?

பயிற்சி கொடுப்பவர்

ஃபால்ட்தான் தம்பி. வாலி அடித்த வேகத்தில் கால் உள்ளே போனாலும், பேடில் உள்ளே தரையில் பட்டாலும், தொப்பி கழன்று உள்ளே விழுந்தாலும் ஃபால்ட். பந்து அதற்குள் செத்துப்போயிருந்தாலும் அதே. கோடும் கிச்சனைச் சேர்ந்தது. தரையில் பட்டு எழுந்த பந்தை எடுக்க எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். திரும்பி வந்து இரண்டு காலையும் வெளியே ஊன்றிய பிறகுதான் அடுத்த வாலி. ஒரு கால் வெளியே வந்தால் போதும் என்று நினைத்து நிறைய பேர் பாயிண்ட் விடுகிறார்கள். கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நில்லுங்கள். ரொம்ப விட்டு நின்றால் பந்தெல்லாம் காலடியில் விழும்.

தனியாக இருந்தால் சுவர் போதும். தரையிலிருந்து 34 அங்குலத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். 7 அடி தள்ளி நின்று, கோட்டுக்கு மேலே ஒரு சாண் இடத்துக்குள் பந்தைத் தட்டித் தட்டி விடுங்கள், ஒருமுறை தரையில் பட்டு வரட்டும். விடாமல் 50 வந்ததும் தரையில் படாமல் வாலியாக. சர்வுக்கு, எதிர் பேஸ்லைனுக்கு மூன்றடி உள்ளே ஒரு துண்டை விரித்து 20 பந்து. சாதாரண சர்வில் மணிக்கட்டுக்கு மேலே பேடில் தலை போகக் கூடாது; போகிறதா என்ற சந்தேகம் இருந்தால் டிராப் சர்வ் போடுங்கள். பந்தைக் கையிலிருந்து சும்மா விட்டு, எழும்பியதும் அடிக்கலாம். வீசி இறக்கக் கூடாது, அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழேதான் பந்தைத் தொட வேண்டும் என்ற சாதாரண சர்வின் கட்டுப்பாடும் அதில் இல்லை.

இரண்டு பேர் கிடைத்தால் 7-11 ஆடுங்கள். ஒருவர் கிச்சன் கோட்டில், ஒருவர் பேஸ்லைனில், பாதிக் கோர்ட் மட்டும். மேலே நிற்பவர் 11 எடுத்தால் ஜெயிப்பு, கீழே நிற்பவருக்கு 7 போதும். கீழே இருப்பவர் டிராப் போட்டு ஏறிப் பழகுவார். முடிந்ததும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.