பலா தின்ன அன்னைக்கு மட்டும் மாத்திரை

மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்:
சுகர் மருந்தைத் தப்பாப் போடுறவங்களைப் பத்திப் பேசுறப்போ, கடைக்கு வந்த ஒரு அம்மா சுருக்குப்பையிலிருந்து எடுத்து வச்ச மெட்ஃபார்மின் 500 சுகர் மாத்திரை அட்டை கண்ணுக்குள்ள நிக்குது. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பத்து மாத்திரை அஞ்சு நாள்ல தீரணும். மூணு வாரம் ஆகியும் ஏழு பாக்கி. "பண்ருட்டிப் பலா வந்துச்சு தம்பி, தின்ன அன்னைக்கு மட்டும் போட்டேன். வீணாக்கல." இனிப்பை முறிக்கிற மருந்துன்னு கணக்கு! சாப்பிடாட்டியும் ஈரல் ரத்தத்துல சர்க்கரையை விட்டுக்கிட்டே இருக்கும், மெட்ஃபார்மின் முக்கியமா அதைத்தான் அடக்கும்னு சொன்னதும், "அப்ப பட்டினி கெடந்தாலும் ஏறுமா?"ன்னாங்க. 12 வருஷமா சுகர் அவங்களுக்கு.

தேவனாம்பட்டினம் செவிலியர்:
இங்க கதையே வேற. கடலுக்குப் போறவர், கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், இதுவும் சுகர் மாத்திரைதான். சீட்டுல "காலை, சாப்பாட்டுக்கு முன்". அவருக்குக் காலைன்னா மூணு மணி. வரக்காப்பியோட முழுங்கிட்டுப் படகேறினா, சோறு ஒன்பதுக்கு. வலை இழுக்கையில சட்டை நனைய வேர்வை, கை நடுக்கம். சோறு வந்தாலும் வராட்டியும் அந்த மாத்திரை கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை எடுக்குமே, சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. "இது கடலுக்கு ஆகாது"ன்னு நிறுத்திட்டார். டாக்டர் முதல் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திக் கொடுத்த பிறகுதான் திரும்பப் போடுறார். மடியில குளுக்கோஸ் பொட்டலம் இருக்கு. நடுங்கினா 3 டீஸ்பூன், 15 நிமிஷத்துல அடங்கலன்னா இன்னொரு தடவை.

புதுச்சேரி நீரிழிவு ஆலோசகர்:
மஞ்சக்குப்பம் சார், ஈரல் பாடமெல்லாம் அடுத்த மாசமே மறந்துடும். மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டோட முடிச்சுப் போடுங்க, போதும். அது கிடக்கட்டும், இன்சுலின் பத்தி யாரும் பேசலையே? ஒரு மில்லியில 40 யூனிட் இருக்கிற குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் இருக்கிறதுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பி மருந்தை ஆரஞ்சு ஊசியில 20 கோடு வரை இழுத்தா உள்ள போறது 8 யூனிட்தான். "இன்சுலினே கேக்கல"ன்னு யாராவது சொன்னா முதல்ல மூடியைப் பாருங்க. இன்சுலின் பேனாவுக்கான 100 மருந்தைச் சிவப்பு ஊசியில 20 இழுத்துட்டா 50 யூனிட், ஆளையே சாய்ச்சிடும். கலங்கலா இருக்கிற 30/70 கலவை இன்சுலினைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில 10 தடவை உருட்டணும். ஃப்ரீசர்லயோ மீன் ஐஸ் பெட்டியிலயோ உறைஞ்சுபோனது இளகினாலும் குப்பைதான்.

நெல்லிக்குப்பம் லேப்:
ரெண்டு நாள் கஞ்சி குடிச்சு, மாத்திரையும் ஒழுங்காப் போட்டுட்டு டெஸ்டுக்கு வந்தார் ஒருத்தர். வெறும் வயித்துல சர்க்கரை 118தான். ஆனா ஹெச்பிஏ1சி டெஸ்டுல 9.4 சதவீதம், ரொம்ப அதிகம். "மிஷின் கோளாறு"ன்னு ஒரே சண்டை. ரெண்டு மூணு மாசச் சர்க்கரைக் கணக்கு ஹெச்பிஏ1சியில தெரிஞ்சிடும்னு சொன்னதும், ரிப்போர்ட்டை நாலா மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு, "இதை வீட்ல யாருக்கும் சொல்லிடாதீங்க"ன்னார்.

மஞ்சக்குப்பம் மருந்தாளுநர்:
தட்டோட முடிச்சு சரிதான் மேடம். ஆனா அந்தம்மா வெள்ளிக்கிழமை விரதம். தட்டே இல்லாத நாளுக்கு முடிச்சை எங்க போடுறது? ஈரல் விஷயம் புரிஞ்சதாலதான் அவங்களே, "விரதத்தன்னைக்கும் போடணுமா?"ன்னு கேட்டாங்க. சாயங்காலம் பாலும் பழமும் எடுப்பாங்களாம். அதோட போடலாமான்னு டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்.