இடி நேரத்தில் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது

அன்பான ஊர் உறவுகளுக்கு,

போன கிழமை கொழும்புக்குப் பக்கத்தில் தெகிவளையில் சின்னம்மா வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி நின்ற தென்னையில் இடி விழுந்தது. அவர் வீட்டில் ஒரு ஓடுகூட அசையவில்லை. லைட்டும் ஃபேனும் வழமைபோல வேலை செய்தன. ஆனால் லண்டனில் இருந்து மகன் காசு அனுப்பி வாங்கிய ரிவியும் ரவுட்டரும் போய்விட்டன. "சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுத்தானே மோனை இருந்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கவலைப்பட்டார். அவர் சொன்னது உண்மைதான், சுவிச் நிறுத்தித்தான் இருந்தது.

நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான பிளக் சுவிச்சுகள் கரண்ட் வரும் லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலும் ஏர்த்தும் தொடுத்தபடியே இருக்கும். துண்டித்த இடத்திலும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். இடியின் அழுத்தம் அதைத் தாண்டிப் பாயக்கூடும். அதைவிட, கூரையில் இருந்து வரும் டிஷ் கேபிளையும் ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயரையும் யாருமே கழற்றவில்லை.

இடி வீட்டின் மேல் விழத் தேவையில்லை. ஒரு மின்னலில் ஏறத்தாழ 30,000 அம்பியர் ஓடும், அதுவும் சில மைக்ரோசெக்கனில் உச்சத்துக்கு ஏறிவிடும். அந்த வேகத்தில் சுற்றியுள்ள காந்தப்புலம் மாறும்போது பக்கத்தில் உள்ள நீளமான வயர்களில் எல்லாம் தானாகவே மின்னழுத்தம் பிறக்கும். ரிவிக்குக் கரண்ட் வயர் ஒரு பக்கத்தாலும் டிஷ் கேபிள் இன்னொரு பக்கத்தாலும் வருகின்றன. இரண்டுக்கும் இடையில் ஏற்படும் வித்தியாசம் முழுவதும் ரிவியின் உள்ளேதான் போய் முடியும். உள்ளே இருக்கும் சிப்புகளோ 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் ஓடுபவை. 230 வோல்ட்டுக்குச் செய்த ஃபேன் தாங்கியதை அவை தாங்காது. வாசலில் பூட்டிய கமெராவில் இருந்து உள்ளே வரும் நீள வயருக்கும் இதே கதைதான்.

ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது கரண்ட் அடித்து ஆள் சாகாமல் காப்பாற்றும் சாமான், கட்டாயம் வேண்டும். ஆனால் அது விழ மில்லிசெக்கன்கள் எடுக்கும். இடி அதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடும். மெயின் போர்ட்டில் சேர்ஜ் புரொடெக்டர், அதாவது திடீரெனக் கூடும் மின்னழுத்தத்தை ஏர்த்துக்குத் திருப்பிவிடும் சாமான், பூட்டலாம். ஏர்த் கம்பி ஒழுங்காக இருந்தால்தான் அது பயன்படும். ஒவ்வொரு அடியிலும் அது தேய்ந்துகொண்டு போகும் என்பதால் அதன் அடையாள விளக்கை இடைக்கிடை பார்க்க வேண்டும். ஏர்த் இல்லாத மல்டி பிளக்கில் விலை கூடிய சாமான் எதையும் செருக வேண்டாம்.

ஃபைபர் இணைப்பு எடுத்தவர்களுக்கு அந்த வழியால் ஆபத்து இல்லை, கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது. ஆனால் அந்தப் பெட்டியின் அடப்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

கொழும்பில் ஐப்பசியில் இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான். பிளக், டிஷ் கேபிள், டெலிபோன் வயர் மூன்றையும் மழை இருட்டுமுன்பே கழற்றும்படி வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். மின்னி 30 செக்கனுக்குள் சத்தம் கேட்டால் இடி 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு வயரில் கை வைக்கவே கூடாது, சாமான் போனாலும் பரவாயில்லை.

இங்கே மத்தியானம் 2 மணி என்றால் லண்டனில் காலைநேரம்தான். சின்னம்மாவின் மகன் இப்போது வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு நாளும் அவருக்குப் போன் எடுத்து, கழற்றச் சொல்லி நினைவூட்டுகிறார்.