அடி வாங்குவதும் சிலுவையா? அக்காவிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்

பனங்காட்டான்:
அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். மாமா குடித்தால் கை நீட்டுவார். போன வாரம் மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்றாள், கேட்டால் குளியலறையில் வழுக்கிவிட்டதாம். அம்மா அவளை எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கூட்டிப்போனாள். அவர் லூக்கா 9:23-ஐத் திறந்து, "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்று வாசித்துவிட்டு, இதுதான் உன் சிலுவை மகளே, பொறுமையாகச் சுமந்தால் அவர் ஒருநாள் மனந்திரும்புவார் என்று ஜெபித்து அனுப்பிவிட்டார். லெந்து என்ற உபவாச நாள் வேறு, இவள் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். வசனத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெரியாது. ஆனால் மனசு ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு:
தம்பி, முதலில் அக்காவைத் திருப்பி அனுப்பாதீர்கள். பெண்கள் உதவி எண் 181, குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. வேதபாடம் அப்புறம்தான்.

சரி, வசனத்துக்கு வருவோம். அந்த "வெறுத்து" என்ற வார்த்தைதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். இதையே மாற்கு 8:34 சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல்தான் 14:30-லும் வருகிறது, சீஷன் பேதுருவிடம் "மூன்றுதரம் என்னை மறுதலிப்பாய்" என்று இயேசு சொல்கிற இடம். பேதுரு அவரை வெறுக்கவில்லையே, "அந்த மனுஷனை அறியேன்" என்று கைவிட்டான், அவ்வளவுதான். அப்படி நம் "நான், எனக்கு" என்பதைப் பார்த்து உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்வதுதான் இங்கே கேட்கப்படுகிறது. கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் "தன்னலம் துறந்து" என்றே இருக்கிறது. உலகத்தை வெறுத்துச் சாமியாராகப் போனார் என்று சொல்லும்போது நாமும் துறந்தார் என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறோம், ஆனால் அடிபட்ட ஒரு பெண்ணிடம் போய் "தன்னைத்தான் வெறுத்து" என்று வாசித்தால் அவள் காதில் அப்படியா விழும்?

சிலுவை என்றதும் அன்றைக்குக் கேட்டவர்களுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்றும் பாருங்கள். ரோமர்கள் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை அது. கி.மு. 71-ல், ஸ்பார்டகஸ் என்ற அடிமைத் தலைவனோடு கலகம் செய்த 6,000 பேரை ரோமுக்குப் போகும் சாலை நெடுக சிலுவையில் அறைந்தார்கள். கி.மு. 4-ல் யூதேயாவிலேயே வாரூஸ் என்ற ஆளுநர் சுமார் 2,000 பேரை அறைந்தான். என் பின்னால் வந்தால் அதிகாரம் உன்னையும் அப்படி நடத்தலாம், வருகிறாயா என்பதுதான் கேள்வி. வீட்டில் ஒருவன் குடித்துவிட்டுக் கையை முறுக்குவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தாழம்பூ:
பழைய ஏடு சொல்வது சரிதான், ஆனால் நாமாக ஏற்றுக்கொண்டதும் ஊழியத்தில் வருவதும் மட்டும்தான் சிலுவை என்று ஆக்கிவிடாதீர்கள். என் மாமியார் நாலு வருடம் படுக்கையில் கிடந்தார்கள். படுக்கைப்புண் வரக்கூடாது என்று ராத்திரியிலும் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பேன், இடுப்பு கழன்றுபோகும், நான் கேட்டு வாங்கியதா அது? சிலுவைப்பாதை ஜெபத்தில் ஐந்தாம் நிலைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். சிரேனே ஊர் சீமோனும் விரும்பி வரவில்லை, வழியில் போனவனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். ஆனால் அவன் தோள் கொடுத்ததில் ஒருத்தருடைய பாரம் குறைந்தது. உங்கள் அக்கா அடி வாங்குவதில் யாருடைய பாரம் குறைகிறது, அந்த ஆளுடைய கை வலியா?

உபதேசியார் மகன்:
ஒரு எச்சரிக்கை. இப்படி விளக்கியே சிலுவையில் இருக்கிற வலியைச் சுத்தமாகக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு, கடைசியில் லெந்துக்குக் கறி சாப்பிடாததுதான் தியாகம் என்று ஆகிவிடும். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1939-ல் அமெரிக்காவில் பத்திரமாக இருந்திருக்கலாம். ஒரு மாதம்கூடத் தங்காமல் ஹிட்லரின் ஜெர்மனிக்கே திரும்பினார், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கில் போட்டார்கள். விலை அது. ஆனால் அவரை யாரும் "போய்ச் சாகு" என்று அனுப்பவில்லை.

அப்போஸ்தலன் பவுலைப் பாருங்கள், எத்தனையோ அடி வாங்கியவர். தமஸ்குவில் கொல்லக் காத்திருந்தபோது கூடையில் இறங்கித் தப்பித்தார். அப்போஸ்தலர் 22-ல் வாரினால் அடிக்கக் கட்டும்போது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்க உங்களுக்கு நியாயமுண்டா என்று சட்டம் பேசினார். இயேசுவே மத்தேயு 10:23-ல், ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடுங்கள் என்கிறார். தன்னை மறுக்க வேண்டியது யார் என்று உங்கள் ஐயரிடம் கேளுங்கள். அதே லூக்கா 9:23-ஐ உங்கள் மாமாவிடம் போய் வாசித்துக் காட்டட்டுமே, "அனுதினமும்" என்பதைக் கொஞ்சம் அழுத்தி, அவர் கையில் பாட்டில் இருக்கும்போதே.

பனங்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா இங்கேதான் இருக்கிறாள், 181-க்கும் பேசிவிட்டோம். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. நேற்று ராத்திரி அக்காவிடம் அப்போஸ்தலர் 22-ஐ வாசித்தேன். அடி விழுந்த பிறகு கேட்டாரா, அதற்கு முன்னாடியேவா என்றாள். கட்டும்போதே கேட்டுவிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், அப்புறம் சட்டியில் சோறு இருக்கிறதா என்று கேட்டாள்.