ரீட்மீயின் உச்சியில் நிறுவன லோகோ கேட்கிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி:
நானும் இன்னொருவரும் நான்கு வருடமாக ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை, அதாவது மற்ற புரோகிராமர்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் கோடை, பராமரித்து வருகிறோம். போன வாரம் ஒரு நிறுவனம் மாதாமாதம் பணம் தருவதாக மெயில் அனுப்பியது. பதிலுக்கு ரீட்மீயிலும் (கோடோடு வரும் அறிமுகப் பக்கம்) எங்கள் வெப்சைட்டிலும், இன்ஸ்டால் கட்டளைக்கும் மேலே, அவர்கள் லோகோவும் இணைப்பும் வர வேண்டுமாம். பணம் தேவைதான், வேலை முடிந்து வந்து ராத்திரி பதினோரு மணிக்கு இஷ்யூ (பயன்படுத்துகிறவர்கள் எழுதும் புகார்கள்) பார்ப்பது எத்தனை நாள் ஓடும்? ஆனால் லோகோவை அங்கே வைத்துப் பார்த்தேன், லைப்ரரி எதற்கு என்று சொல்லும் முதல் வரியே திரைக்குக் கீழே போய்விட்டது. மனசு ஒப்பவில்லை.

பதில் 1:
வாங்குங்கள், கூச்சமே வேண்டாம். 2014-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஓப்பன் சோர்ஸ் பாதுகாப்பு லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தபோதுதான் பலருக்கும் தெரிந்தது, எத்தனையோ வெப்சைட்கள் நம்பியிருந்த அதற்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்று. நன்றி சொல்வதில் தப்பே இல்லை, ஆனால் இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். ரீட்மீயின் கடைசியில் 'ஆதரவாளர்கள்' என்று ஒரு பகுதி, எல்லா லோகோவும் ஒரே உயரம்.

பதில் 2:
முதலில் யார் என்று பாருங்கள். எங்களுக்கும் இப்படி ஒரு மெயில் வந்தது, சைட்டைத் திறந்தால் சூதாட்டம்! நம் கோடில் ஒரு வரிகூட அவர்களுக்குத் தேவையில்லை, தேடலில் மேலே வர நம் வெப்சைட்டிலிருந்து ஒரு இணைப்பு வேண்டும், அவ்வளவுதான். காசு வாங்கிப் போடும் இணைப்புக்கென்றே 'ஸ்பான்சர்டு' என்ற குறியை கூகுள் 2019-ல் கொண்டுவந்தது. அந்தக் குறி இருந்தால் பொதுவாக இணைப்பு தேடலில் மேலே வர உதவாது. அதோடுதான் போடுவோம் என்று எழுதிப் பாருங்கள், இணைப்புக்காக மட்டும் வந்தவர் அதோடு காணாமல் போவார்.

பதில் 3:
லோகோவை விட எனக்கு அடுத்த கட்டம்தான் கவலை. ஆறு மாதம் கழித்து 'எங்களுக்கு வரும் பிழையை முதலில் சரிசெய்யுங்கள்' என்று வருவார்கள். பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு வீடான அப்பாச்சி ஃபவுண்டேஷனில் பிளாட்டினம், கோல்டு என்று ஸ்பான்சர் படிகள் உண்டு, பெயரும் போடுவார்கள், ஆனால் எவ்வளவு கொடுத்தாலும் கோடில் என்ன சேர வேண்டும் என்பதில் அந்தப் பணத்துக்குப் பேச்சு கிடையாது. பணம் வருவதற்கு முன்பே இதை எழுதி வையுங்கள். அப்புறம், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) விளம்பரம் போடும் பக்கம் போகவே போகாதீர்கள். 2019-ல் ஸ்டாண்டர்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ், இன்ஸ்டால் ஆகும்போது விளம்பரம் காட்டிப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவிட்டது.

கேள்வி கேட்டவர்:
சரி, பார்த்துவிட்டேன். சூதாட்டம் இல்லை, எங்கள் லைப்ரரியை உண்மையிலேயே பயன்படுத்துகிறவர்கள்தான், அவர்கள் ஆள் ஒருவர் பேட்ச்கூட (கோடுக்குத் திருத்தம்) அனுப்பியிருக்கிறார். லோகோ கடைசியில்தான், பணம் நின்றால் லோகோவும் இறங்கும், இஷ்யூ எல்லாம் வழக்கமான வரிசையில் என்று மூன்றே வரியில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.